சிம்பை: தியேட்டர் லிஸ்ட் போடுகிறவர் பார்வையில் ஒரு விமர்சனம்

ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட் போடும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஏதாவது ஒரு மாற்றத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "எமர்ஜென்சிக்கு ஒரு தியேட்டரைத் தனியா ஒதுக்குங்க" என்பார் ஒருவர். "பாதி நாள் சும்மா கிடக்கப்போற தியேட்டரா? அதை எங்க டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுங்க" என்பார் இன்னொருவர். இரண்டிலும் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். சரி, இரண்டையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றால், அந்தச் சோதனைக்கு விலை கொடுப்பவர் நேற்று இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் வார்டில் படுத்திருக்கும் நோயாளி. அதனால்தான் இந்தச் சண்டையை முதலில் கம்ப்யூட்டருக்குள் போட்டுப் பார்ப்பது, இதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள். அதற்கு நான் பயன்படுத்துவது சிம்பை, இங்கே எழுதப்போவதும் அதைப் பற்றித்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விதியை நோயாளிகள் தலையில் இறக்குவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க இது அருமையான கருவி. ஆனால் இது படம் காட்டாது, லிஸ்ட் போட்டுத் தராது, புரோகிராம் எழுத ஆள் இல்லாத இடத்தில் ஒன்றுக்கும் உதவாது.

சிம்பை (SimPy) என்பது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்கான ஒரு லைப்ரரி, அதாவது நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் தயார்நிலைத் தொகுப்பு. இலவசம், எம்ஐடி உரிமம், யாரிடமும் பர்ச்சேஸ் ஃபைல் நகர்த்த வேண்டியதில்லை (இந்த ஒரு காரணத்துக்கே பாதி மார்க் கொடுக்கலாம்). 2002லிருந்து இருக்கிறது. 2013ல் மூன்றாம் பதிப்புக்காக உள்ளே எல்லாவற்றையும் மாற்றி எழுதினார்கள், 2020ல் வந்த நான்காம் பதிப்பில் பைத்தான் 2ஐக் கைவிட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேடிப் பிடிக்கும் பாடத்தில் 'ஹோல்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் அது இரண்டாம் பதிப்புக் காலத்துச் சரக்கு, அப்படியே மூடிவிடுங்கள், இன்றைய பதிப்பில் ஓடாது.

இது வேலை செய்யும் விதம் எளிது. நோயாளியை 9:00 மணிக்கு உள்ளே எடுக்கிறார்கள், மயக்கம் கொடுத்து முடிவது 9:22 என்றால் இடையில் உள்ள நிமிடங்களை அது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்காது, வேறு எந்தத் தியேட்டரிலும் எதுவும் நடக்காவிட்டால் கடிகாரம் நேராக 9:22க்குத் தாவிவிடும். ஒரு நோயாளியின் நாள் முழுவதும் ஒரே ஃபங்ஷன், அதாவது வரிசையாக எழுதிய ஒரு கட்டளைத் தொகுப்பு: தியேட்டர் கேள், கிடைக்கும்வரை நில், சர்ஜனைக் கேள், மயக்க மருத்துவரைக் கேள், இத்தனை நிமிடம் போகட்டும், ரெக்கவரி படுக்கை (ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும்வரை வைத்திருக்கும் இடம்) கேள். நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் 'யீல்டு' என்று ஒரு சொல். அவ்வளவுதான். பத்துத் தியேட்டரின் ஒரு வருட லிஸ்டைச் சாதாரண லேப்டாப் சில நொடிகளில் ஓட்டிவிடும். பைத்தான் மெதுவானது என்று குறை சொல்வார்கள், உண்மைதான், ஆனால் தியேட்டரில் ஒரு நாளைக்கு நடப்பது சில நூறு நிகழ்வுகள், அதற்கு இந்த வேகம் தாராளம். மருத்துவமனைக்கு சிமுலேஷன் புதிதும் இல்லை. ஃபெட்டர், தாம்ப்சன் என்ற இருவர் 1965லேயே பிரசவப் பகுதி, புறநோயாளிப் பிரிவு, அறுவை சிகிச்சைப் பகுதி மூன்றுக்கும் மாடல் போட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

எக்ஸெல் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி எப்போதும் வரும். ஒரு கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். ஒரு தியேட்டரில் ஒரு நாளைக்கு நான்கு கேஸ், ஒவ்வொன்றும் சராசரி 90 நிமிடம், இடையில் அறையைச் சுத்தம் செய்து தயார்படுத்த 30 நிமிடம். மொத்தம் 450. தியேட்டர் நேரம் எட்டு மணி, அதாவது 480. எக்ஸெல் பார்த்தால் அரை மணி மிச்சம், எல்லோரும் சந்தோஷம். இப்போது அந்த 90க்கு 40 நிமிட திட்ட விலக்கம் (கேஸ்களின் நேரம் சராசரியிலிருந்து எவ்வளவு அலைகிறது என்ற அளவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆபரேஷன் நேரங்களில் இது சகஜம். ஆபரேஷன் நேரங்களுக்கு, சராசரிக்கு இரண்டு பக்கமும் சமமாக விரியும் நார்மல் பரவலைவிட, ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள லாக்-நார்மல் பரவல் நன்றாகப் பொருந்தும் என்று 2000ல் மயக்கவியல் ஆய்விதழ் ஒன்றில் வந்தது, அன்றிலிருந்து பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் ஓரளவுக்கு மேல் சீக்கிரம் முடியாது, ஆனால் இழுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும், அதுதான் அந்த வடிவம். இந்த எண்களில் பாதி கேஸ்கள் 82 நிமிடத்துக்குள் முடியும், இருபதில் ஒன்று 165ஐத் தாண்டும். நான்கையும் வரிசையாக ஓட்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு நாள் ஓவர்டைம். எக்ஸெல் அரை மணி மிச்சம் காட்டிய அதே லிஸ்ட்தான் இது.

இதே கணக்கில் இன்னொன்றையும் பார்க்கலாம். கேஸ்களுக்கு இடையிலான நேரத்தை 30லிருந்து 20க்குக் குறைத்துவிட்டால் இன்னொரு கேஸ் சேர்க்கலாம் என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் சொல்வார். மூன்று இடைவெளியில் பத்துப் பத்தாக அரை மணி கிடைக்கும், ஏற்கெனவே இருந்த அரை மணியையும் சேர்த்தால் ஒரு மணி. 90 நிமிட கேஸ் அதில் எங்கே நுழையும்? நுழையாது. ஆனால் ஓவர்டைம் மூன்றில் ஒரு நாள் என்பது ஐந்தில் ஒரு நாளுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பலன் இருக்கிறது, அவர் சொன்ன இடத்தில் இல்லை. சாயங்காலம் சிஸ்டர்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போவார்கள், அதுவும் பலன்தானே. இப்படிப் பேச்சைச் சரியான இடத்துக்கு நகர்த்துவதுதான் சிமுலேஷனின் முக்கியமான வேலை என்று எனக்குப் படுகிறது.

இப்போது குழிகள். முதல் குழி சிம்பையில் இல்லை, பைத்தானில் இருக்கிறது. சிம்பை தனக்கென்று ரேண்டம் எண் (குலுக்கிப் போட்டு எடுப்பதுபோன்ற எண்) எதுவும் தராது, பைத்தானுடைய ரேண்டம் மாட்யூலைத்தான் எடுக்க வேண்டும். அங்கே லாக்-நார்மல் ஃபங்ஷன் கேட்பது நிமிடங்களின் சராசரியை அல்ல, லாகரிதம் எடுத்த பிறகு வரும் சராசரியையும் விலக்கத்தையும். மேலே சொன்ன எண்களுக்கு அது சுமார் 4.41, 0.42. அங்கே 90 என்று நேராகப் போட்டால் குடல்வால் ஆபரேஷன் பிரபஞ்சத்தின் வயதைத் தாண்டி நடந்துகொண்டிருக்கும். அது நல்லதற்குத்தான், உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஏமாற்றும் பிழைதான் ஆபத்து.

அப்படி ஒன்று சிம்பையிலேயே உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிம்பை கையேட்டு உதாரணங்களில் எல்லாம் 'வித்' என்று ஒரு கட்டு போட்டு, அதற்குள் தியேட்டரைக் கேட்டு வாங்கி, கட்டு முடிந்ததும் தியேட்டர் தானாகவே விடுபடும்படி எழுதியிருப்பார்கள். படிக்க அழகாக இருக்கும். ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? ஆபரேஷன் முடிந்துவிட்டது, ரெக்கவரியில் படுக்கை இல்லை, நோயாளி டேபிளிலேயே இருக்கிறார், மயக்க மருத்துவரும் நகர முடியாது, தியேட்டர் பூட்டியது பூட்டியதுதான். ரெக்கவரி படுக்கை கேட்பதை அந்தக் கட்டுக்கு வெளியே எழுதினால் மாடலில் தியேட்டர் முன்னாடியே காலியாகிவிடும், நோயாளி அந்தரத்தில் தொங்குவார், அடுத்த கேஸ் ஜம்மென்று உள்ளே வரும், எண்கள் எல்லாம் பிரமாதமாக இருக்கும். சரி, கட்டுக்குள் கட்டாகப் போடலாம் என்றால் அதுவும் உதவாது, உள்ளே இருப்பது முதலில் விடுபடும், அதாவது ரெக்கவரி முடிந்து வார்டுக்குப் போகும்வரை தியேட்டர் அவர் பெயரிலேயே இருக்கும். இங்கே 'வித்'தையே விட்டுவிட்டு, படுக்கை கைக்கு வந்த பிறகு தியேட்டரை விடு என்று ரிக்வெஸ்ட், ரிலீஸ் இரண்டையும் கையால் எழுத வேண்டும். வாங்கிய வரிசையும் விடும் வரிசையும் நம் கையில் இருப்பது நல்லதுதான், ஆனால் தப்பாக எழுதினாலும் சிம்பை ஒரு வார்த்தை சொல்லாது.

எமர்ஜென்சி விஷயத்தில் இது நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட கருவி என்று சொல்வேன். தியேட்டர், சர்ஜன் மாதிரி வரிசையில் நின்று வாங்க வேண்டியதை எல்லாம் சிம்பை ரிசோர்ஸ் என்கிறது. சாதாரண ரிசோர்ஸ் இருக்கிறது, முன்னுரிமை பார்க்கும் ரிசோர்ஸ் இருக்கிறது (எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம், தலைகீழாக நினைத்துக்கொள்ளாதீர்கள்), உள்ளே இருப்பவரையே வெளியே தள்ளிவிடும் ரிசோர்ஸும் இருக்கிறது. மூன்றாவதைத் தியேட்டருக்குப் போட்டால் வயிறு திறந்திருக்கும் நோயாளியைக் கீழே இறக்கிவிட்டு எமர்ஜென்சி ஏறும். தியேட்டருக்கு இரண்டாவதுதான் சரி, எமர்ஜென்சி வந்தால் அடுத்து காலியாகும் தியேட்டர் அதற்கு. மூன்றாவதை ஆபீஸ் வேலையில் இருக்கும் சீனியர் சர்ஜனுக்கு வைத்துக்கொள்ளலாம், அவரை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கேஸ் ரத்தாவதை எழுதும் விதம். காலையிலிருந்து காத்திருக்கும் கடைசி கேஸ், மணி நாலைத் தாண்டினால் இன்றைக்கு இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். சிம்பையில் இது ஒரே வரி: தியேட்டர் கிடைக்கட்டும், அல்லது மணி நாலாகட்டும், எது முதலில் வருகிறதோ அது. எது வந்தது என்று பார்த்து, நாலு மணி என்றால் அந்த நோயாளியை நாளைய லிஸ்டின் தலையில் போடு. கையேட்டில் இதையே பேங்க் வரிசையில் பொறுமை இழந்து போகும் வாடிக்கையாளரை வைத்து விளக்கியிருப்பார்கள். பிற மென்பொருள்களில் இதே வேலைக்குப் பெட்டி பெட்டியாக இழுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

இல்லாதவற்றின் பட்டியலும் நீளம். காலண்டர், ஷிஃப்ட் எதுவும் கிடையாது. சிம்பைக்கு நேரம் என்பது வெறும் எண், அது நிமிடமா மணியா என்பது நம் பாடு. தியேட்டர் ராத்திரி மூடுவது, ஞாயிறு லீவு, மதிய உணவு எல்லாம் நாமே எழுத வேண்டும். புள்ளிவிவரம் எடுக்கும் வசதி கிடையாது, யார் எவ்வளவு நேரம் காத்தார் என்பதை நாமே குறித்து வைக்க வேண்டும். பெரிய குறை, படம் இல்லை. அரீனா, சிமுல்8, ஃப்ளெக்ஸ்சிம், எனிலாஜிக் போன்ற பிற சிமுலேஷன் மென்பொருள்களில் திரையில் நோயாளிகள் நகர்வதையும் வரிசை நீள்வதையும் கண்ணால் பார்க்கலாம், நிர்வாகத்தில் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் தலையாட்டுவார்கள். சிம்பை தருவது எண்கள் மட்டும். எண்களின் அட்டவணையோடு ஒரு சர்ஜன் முன்னால் போய் நின்று பாருங்கள், என்ன மரியாதை கிடைக்கிறது என்று தெரியும்.

இதற்கு நான் கண்ட வழி, மாடலில் ஓடிய ஒரு நாளைத் தியேட்டருக்கு ஒரு வரி, கேஸுக்கு ஒரு பட்டை என்று வரைந்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது. தியேட்டர் நோட்டீஸ் போர்டில் தொங்குவதுபோலவே இருப்பதால் எல்லோருக்கும் உடனே படிக்க வரும். அப்படி ஒன்றைத் தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்தபோது அவர் விரலை ஒரு பட்டையில் வைத்து, "இந்த எலும்பு கேஸும் அந்த ரூம் எலும்பு கேஸும் ஒரே நேரத்துல எப்படி தம்பி ஓடும்? சி-ஆர்ம் ஒண்ணுதானே இருக்கு" என்றார். "அது ரெஜிஸ்டர்ல எங்கேயும் வராதே சிஸ்டர்" என்றேன். "ரெஜிஸ்டர்ல வராது. என் தலையில வரும்" என்றார். சி-ஆர்ம் என்பது ஆபரேஷனுக்கு நடுவே எக்ஸ்ரே பார்க்கும் கருவி. மாடலில் அதற்கு ஒரு ரிசோர்ஸ் சேர்க்க இரண்டு வரி போதும், எலும்பு கேஸ்களின் காத்திருப்பு அதற்கப்புறம்தான் நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது. திரையில் நகரும் எந்த அனிமேஷனும் இந்தத் தகவலைத் தந்திருக்காது என்பதால் படம் இல்லாத குறையை நான் கொஞ்சம் மன்னித்துவிட்டேன்.

டேட்டா பற்றி ஒரு வார்த்தை. தியேட்டர் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் எல்லா நேரமும் பூஜ்ஜியத்திலோ ஐந்திலோதான் முடியும், ஏனென்றால் கேஸ் முடிந்து கை கழுவிய பிறகு நினைவிலிருந்து எழுதுகிறார்கள். அது பரவாயில்லை, ஐந்து நிமிடப் பிசகு மாடலைக் கவிழ்க்காது. ரத்தான கேஸ்கள் ரெஜிஸ்டரிலேயே இல்லாமல் போவதுதான் கவிழ்க்கும். தேவை எவ்வளவு இருந்தது என்பதை அது மறைத்துவிடும். முந்தின நாள் மாலை போட்ட லிஸ்டையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அப்புறம் இரண்டு லிஸ்ட் முறைகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் அதே ரேண்டம் எண்களைக் கொடுங்கள், அதாவது அதே நோயாளிகள், அதே ஆபரேஷன் நேரங்கள், லிஸ்ட் மட்டும் வேறு. இல்லாவிட்டால் ஒரு முறை ஜெயித்தது நல்ல முறை என்பதாலா, அன்றைக்கு லேசான கேஸ்கள் வந்ததாலா என்றே சொல்ல முடியாது. தியேட்டர் தினமும் காலியில் தொடங்கும், ஐசியூ அப்படி இல்லை, அதில் நேற்றைய நோயாளிகள் இருப்பார்கள், மாடலோ அதையும் காலியாகவே தொடங்கும். எனவே ஐசியூவையும் மாடலில் சேர்த்தால் முதல் சில வார ஓட்டத்தை எண்ணாமல் விடுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன எமர்ஜென்சி தியேட்டர் சண்டைக்கு வருகிறேன். ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவமனையில் இதையே சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்து 2007ல் வெளியிட்டார்கள். தனி எமர்ஜென்சி தியேட்டர் வைத்தால் எமர்ஜென்சி நோயாளியின் காத்திருப்பு சராசரி 74 நிமிடம். அதை மூடிவிட்டு, அந்த நேரத்தை மற்ற எல்லாத் தியேட்டர்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி விட்டு வைத்தால் 8 நிமிடம், ஓவர்டைமும் குறைகிறது. காரணம் புரிவது கஷ்டமில்லை. ஒரே தியேட்டர் என்றால் இரண்டாவது எமர்ஜென்சி முதலாவது முடியும்வரை நிற்க வேண்டும், பல தியேட்டர் என்றால் ஏதாவது ஒன்று சீக்கிரம் காலியாகும். அங்கே தனி தியேட்டரை மூடியே விட்டார்கள். நல்லது. ஆனால் 2016ல் நெதர்லாந்திலேயே வந்த இன்னொரு ஆய்வு, நிஜமாக நடந்த ஆபரேஷன்களின் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டு, தனி தியேட்டர் வைத்த இடத்தில்தான் பயன்பாடு அதிகம், ஓவர்டைமும் ரத்தும் குறைவு என்று சொன்னது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, சிமுலேஷன் எல்லாம் சும்மா" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடலில் காலி விட்ட நேரம் காலியாகவே இருக்கும். நிஜத்தில் அந்த நேரத்தைப் பார்த்ததும் ஒரு சின்ன கேஸைச் செருகுவதற்கு ஆள் வந்துவிடுவார், மூன்று மணிக்கு எமர்ஜென்சி வரும்போது எல்லாத் தியேட்டரும் நிரம்பியிருக்கும். அந்த ஆய்வில் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, லிஸ்ட் போடுகிறவனுக்கு முதலில் வரும் சந்தேகம் இது. அந்தச் செருகும் பழக்கத்தையும் சிம்பையில் எழுதலாம் என்பதுதான் விஷயம்: காலி நேரம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் இத்தனை சதவீத வாய்ப்பில் ஒரு கேஸ் உள்ளே நுழையும். எழுதி ஓட்டினால் அந்தச் சதவீதம் எவ்வளவு ஏறினால் இரண்டு முறைகளும் சமமாகின்றன என்று பார்த்துவிடலாம். பெட்டி ஒட்டும் மென்பொருளில் இந்த மாதிரி மனுஷக் குணத்தை எழுத இடம் தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

சிறந்த லிஸ்ட் எது என்று இது கண்டுபிடித்துத் தராது. நாம் கொடுக்கும் லிஸ்டை ஓட்டிக் காட்டும், அவ்வளவே. ஆனால் நல்ல யோசனைகளைச் சோதிக்கலாம், உதாரணமாக நேரம் அதிகம் அலையாத கேஸ்களை முதலில் போட்டு, எவ்வளவு இழுக்கும் என்று தெரியாத கேஸைக் கடைசியில் வைப்பது. 2007ல் டென்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த எளிய விதி நன்றாக வேலை செய்வதாகக் காட்டினார்கள். கஷ்டமான கேஸைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்று பழகிய சர்ஜன்களிடம் இதைச் சொல்லிப் பார்ப்பது உங்கள் தைரியம்.

யாருக்கு இது வேண்டாம்? புரோகிராம் எழுதுபவர் ஒருவர்கூட இல்லாத இடம், அல்லது இருக்கும் ஒருவரும் அடுத்த மாதம் போய்விடுவார் என்ற இடம். அங்கே மேலே சொன்ன மென்பொருள்களில் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்குங்கள், அல்லது இலவசமாகவே இழுத்து ஒட்டும் வசதியுள்ள ஜாம்சிம்மைப் பாருங்கள். பைத்தானும் வேண்டும், படமும் வேண்டும் என்றால் சலாபிம் இருக்கிறது, அனிமேஷன் அதிலேயே வரும். ஆர் (R) என்ற புரோகிராமிங் மொழிக்காரர்களுக்கு சிம்மர். மற்றவர்கள் சிம்பையிலேயே தொடங்கலாம். ஒரு தியேட்டர், நான்கு கேஸ், இரண்டு ரெக்கவரி படுக்கை, அதற்கு மேல் எதுவும் சேர்க்காமல் போன மாதத்து லிஸ்டை ஓட்டி, கடைசி நோயாளி வெளியே வந்த நேரம் ரெஜிஸ்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் இரண்டாவது தியேட்டரைச் சேர்க்காதீர்கள், பிரிண்ட் எடுத்துக்கொண்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள்.